ஐந்து சென்டிமீட்டர் கூடத் தாண்டியவள்

போன செவ்வாய்க்கிழமை என் மகளுக்கு, அவளுடைய நரம்பு நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்க்கும் வருடாந்திரச் சோதனை. ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பிரிவுக்கு வெளியே நீளமான வராந்தா ஒன்று உண்டு. அதன் தரையில் ஒரு டேப்பை ஒட்டி வைத்திருப்பார்கள். பள்ளிக்கூட விளையாட்டு டிரவுசரோடு, வெறுங்காலோடு, கட்டைவிரல் இரண்டும் கோட்டைத் தொட நின்றாள். கையை இரண்டு தடவை பின்னால் வீசி, முழங்காலை மடக்கி, ஒரே தாவல். விழுந்த இடத்தில் கொஞ்சம் தள்ளாடினாள், ஆனால் கையை ஊன்றவில்லை. பிசியோதெரபிஸ்ட் மண்டியிட்டு, குதிகால் பதிந்த இடத்தைப் பார்த்து, 76 என்றார். போன வருடம் 71.

"அம்மா, அஞ்சு கூட!" என்று அங்கிருந்தே கத்தினாள். வராந்தாவில் காத்திருந்த இன்னொரு குடும்பமும் சேர்ந்து கை தட்டியது.

அரை மணி நேரம் கழித்துக் கணக்குப் போட்டுக் கொடுத்த தாளில், அந்தத் தாண்டலுக்கு நேரே 3 என்று இருந்தது. போன வருடம் அதே இடத்தில் 2. இந்த அளவுகோலில் எண் ஏறினால் உடம்பு பின்வாங்குகிறது என்று பொருள். மொத்தமும் 15 ஆக இருந்தது 17 ஆகியிருந்தது. போன வருடத்தைவிடத் தூரமாகத் தாண்டிய பிள்ளைக்கு, போன வருடத்தைவிட மோசமான எண்.

இது எப்படி என்று வீட்டுக்காரர் கேட்டார். ஊரிலிருந்து போனில் அம்மா கேட்டார்கள். கடைசியில் மகளே கேட்டாள். மூன்று பேருக்கும் மூன்று விதமாகச் சொல்ல வேண்டியிருந்தது. அப்புறம்தான் இதை ஒழுங்காக எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. எங்களைப் போல இன்னும் எத்தனையோ வீடுகள் இருக்கும்.

எங்கள் வீட்டில் ஓடுவது சார்கோ-மரி-டூத் என்ற பரம்பரை நரம்பு நோய். சுருக்கமாக சி.எம்.டி. 1886-இல் பாரிஸில் சார்கோவும் அவருடைய மாணவர் மரியும், இங்கிலாந்தில் டூத் என்பவரும் இதை விவரித்து எழுதியதால் மூன்று பேரின் பெயரும் ஒட்டிக்கொண்டது. டூத் என்று பெயர் இருந்தாலும் பல்லுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சொந்தக்காரர்கள் எல்லோரும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள். ஏறக்குறைய 2500 பேரில் ஒருவருக்கு இருக்கிறது என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. நரம்பை ஒரு மின்சாரக் கம்பி என்று வைத்துக்கொண்டால், எங்கள் வகையில் கெடுவது மேலே இருக்கும் உறை. 17-ஆம் குரோமோசோமில் பி.எம்.பி.22 என்றொரு மரபணு. எல்லோருக்கும் அது இரண்டு பிரதி இருக்கும், எங்களுக்கு மூன்று. குரோமோசோமின் அந்தப் பகுதி இரட்டித்திருப்பதை 1991-இல் கண்டுபிடித்தார்கள். கூடுதலான அந்த ஒரு பிரதியால் உறை சரியாக அமைவதில்லை. நாள்பட உள்ளே இருக்கும் கம்பியும் நலிகிறது. நீளமான நரம்புகளுக்குத்தான் முதலில் அடி, அதனால் பாதத்தில் தொடங்கிப் பிறகு கைக்கு வரும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு.

என் அப்பாவுக்கு இருந்தது. பொன்னமராவதிப் பக்கம் தொடக்கப்பள்ளி ஆசிரியர். பிள்ளைகள் அவரைக் கொக்குக்கால் சார் என்பார்கள். முழங்காலுக்குக் கீழே சதையே இருக்காது, உள்ளங்கால் வில் மாதிரி வளைந்திருக்கும். நடக்கும்போது பாதம் தொங்குவதால் முழங்காலை உயரத் தூக்கித் தூக்கி வைப்பார். ரப்பர் செருப்பு அவர் காலில் நிற்காது. கழன்று விழுந்தது தெரியாமலே பத்தடி போய்விடுவார். பின்னாலேயே ஓடிப்போய் நான் எடுத்துக்கொண்டு வருவேன். ஒரு நாள் செருப்புத் தைப்பவரிடம் சொல்லிப் பின்னால் ஒரு பட்டி வைத்துக்கொண்டார். அதோடு பிரச்சினை தீர்ந்தது என்று நாங்களும் விட்டுவிட்டோம். தனக்கு இருந்தது என்னவென்று பெயர் தெரியாமலே போய்ச் சேர்ந்தார்.

எனக்கும் இருக்கிறது என்று தெரிந்தது மகள் மூலமாகத்தான். நாலரை வயதில் அடிக்கடி விழுந்தாள். முதலில் பார்த்த டாக்டர், வளர வளரச் சரியாகிவிடும் என்று ஒன்றரை வருடம் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார். அப்புறம் பார்த்த நரம்பியல் டாக்டர் அவளுடைய பாதத்தை இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "நீங்களும் ஷூவைக் கழற்றுங்கள், பார்க்கலாம்" என்றார். என் வளைந்த பாதத்தைப் பார்த்ததும் அவர் முகத்தில் கேள்வி போய்விட்டது. ரத்தச் சோதனை அதை உறுதிசெய்தது, அவ்வளவுதான்.

நான் படித்தது பி.எஸ்சி. கணக்கு. செய்வது தையல். சிட்னியில் பெண்டில் ஹில் பகுதியில் எங்கள் வீட்டு முன்னறையில்தான் மெஷின். இந்தப் பக்கத்துத் தமிழ்ப் பெண்கள் பலருக்கு நான்தான் பிளவுஸ் தைக்கிறேன். மெஷினில் தைக்க எந்தக் கஷ்டமும் இல்லை. ஊசியில் நூல் கோத்துக் கொக்கி வைப்பது மட்டும் மூன்று வருடமாக முடியவில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேரும் இடத்தில் ஊசி நிற்காமல் நழுவுகிறது. கொக்கி வேலையைப் பக்கத்துத் தெரு அக்காவிடம் கொடுத்துவிடுகிறேன். அதனால் ஆஸ்பத்திரிச் சோதனை அறையில் மகள் கையில் குச்சியைக் கொடுக்கும் நேரம் எனக்கு லேசாக இருப்பதில்லை.

ஒன்பது துளைகள் கொண்ட ஒரு பலகை. ஒரு கிண்ணத்தில் ஒன்பது சின்னக் குச்சிகள். ஒரு கையால் ஒவ்வொன்றாக எடுத்துத் துளையில் செருகி, உடனே ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துக் கிண்ணத்தில் போட வேண்டும். பக்கத்தில் ஸ்டாப்வாட்ச் ஓடும். அவள் குச்சியை நுனிவிரலால் எடுப்பதில்லை. கட்டைவிரலை ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் வைத்து அழுத்தி எடுக்கிறாள், நாம் சாவியைப் பிடிப்போமே, அப்படி. ஆறாவது குச்சி உருண்டு மேஜைக்குக் கீழே விழுந்தது. முதலிலிருந்து செய்யச் சொன்னார்கள். என் விரல்கள் மடியில் தானாகவே அசைந்துகொண்டிருந்ததை அப்புறம்தான் கவனித்தேன். ஊசியை நானும் இப்போது அப்படித்தான் பிடிக்கப் பார்க்கிறேன்.

இது பதினொன்றில் ஒன்று. இன்னொரு பலகையில் பதினாறு குமிழ்களை ஒவ்வொன்றாகத் தலைகீழாகத் திருப்பி வைக்க வேண்டும். கைப்பிடி பலத்துக்கு ஒரு கருவி. பாதத்தை மேலே தூக்கும் பலம், கீழே அழுத்தும் பலம் இரண்டுக்கும் கையடக்கமான இன்னொரு கருவி. ஊசி நுனி போன்ற ஒன்றால் தொட்டு, குத்துகிறதா மழுங்கலாக இருக்கிறதா என்று கேட்பார்கள். இசைக்கவையைத் தட்டிக் கால் கட்டைவிரல் எலும்பில் வைத்து, அதிர்வு எப்போது நிற்கிறது என்று கேட்பார்கள். ஒற்றைக்காலில் நிற்பது, கண்ணை மூடிக்கொண்டு நிற்பது, கோட்டின் மேல் நடப்பது என்று சமநிலைக்கு ஒரு தொகுதி. நடையைப் பார்ப்பார்கள், குதிகாலில் நட, நுனிக்காலில் நட என்பார்கள். அப்புறம் நின்ற இடத்திலிருந்து தாண்டல். கடைசியாக ஆறு நிமிட நடை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 44. இதற்குப் பெயர் சி.எம்.டி. குழந்தைகள் அளவுகோல். மூன்று வயதிலிருந்து இருபது வயது வரைக்குமானது. இங்கே சிட்னியில் ஜோஷுவா பர்ன்ஸ் என்ற ஆராய்ச்சியாளரும் அமெரிக்கா, இங்கிலாந்து, இத்தாலியில் இருக்கும் டாக்டர்களும் சேர்ந்து உருவாக்கி, 172 பிள்ளைகளிடம் சோதித்து, 2012-இல் வெளியிட்டார்கள்.

இவ்வளவு மெனக்கெட்டு எதற்காக அளக்க வேண்டும் என்று என் அம்மா கேட்டார்கள். "மருந்துதான் இல்லையே, அளந்து என்ன பண்ண?" என்றார்கள். கேட்டதில் நியாயம் இருக்கிறது. சி.எம்.டி.யைக் குணப்படுத்த இன்றைக்கு மருந்து கிடையாது. ஆனால் மருந்து வரும் வழியில் ஒரு தடவை எல்லோரும் அளவிலேயே தடுக்கி விழுந்தார்கள். அந்தக் கதையை அம்மாவுக்குச் சொன்னேன்.

2004-இல் பிரான்ஸின் மார்செய் நகரத்தில் எங்கள் வகை நோயுள்ள எலிகளுக்கு வைட்டமின் சி கொடுத்துப் பார்த்தார்கள். எலிகள் தெளிவாகத் தேறின. வைட்டமின் சி! நெல்லிக்காயிலும் எலுமிச்சையிலும் இருப்பது, எந்தக் கடையிலும் கிடைப்பது. உலகம் முழுக்க சி.எம்.டி. குடும்பங்களுக்கு நம்பிக்கை வந்தது. வரிசையாக மருந்துச் சோதனைகள் நடந்தன. இங்கே வெஸ்ட்மீட் குழந்தைகள் மருத்துவமனையிலேயே 81 பிள்ளைகளை வைத்து ஒரு சோதனை. பாதிப் பேருக்கு வைட்டமின், மீதிப் பேருக்கு அதே மாதிரி இருக்கும் வெற்று மாத்திரை. ஒரு வருடம் கொடுத்துவிட்டு அவர்கள் முக்கியமாகப் பார்த்தது, முன்கை நரம்பில் சமிக்ஞை போகும் வேகத்தை. 2009-இல் முடிவு வந்தது. சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் எதுவும் இல்லை. இத்தாலியும் இங்கிலாந்தும் சேர்ந்து 271 பெரியவர்களுக்கு இரண்டு வருடம் கொடுத்துப் பார்த்தன. 2011-இல் வந்த அந்த முடிவிலும் ஒன்றுமில்லை.

அந்த இத்தாலிச் சோதனையில் என்னை உலுக்கிய விஷயம் வேறு. மருந்து எடுத்தவர்கள் தேறவில்லை, சரி. வெற்று மாத்திரை எடுத்தவர்களும் மோசமாகவில்லை! இரண்டு வருடத்தில் இரண்டு பக்கமும் எண் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நின்றது. இந்த நோய் வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும் நோய் என்பது எங்கள் கையும் காலும் அறிந்த உண்மை. அப்படியானால் அளந்த கோலுக்கு அந்தச் சின்ன அரிப்பு கண்ணில் படவில்லை. எதுவுமே நகராத இடத்தில், மருந்து எதையாவது நிறுத்தியதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தையற்காரிக்கு இது புரியும். துணி டேப் வருடக்கணக்கில் இழுத்து இழுத்து நீண்டுவிடும். பார்வைக்குத் தெரியாது. மார்பளவு 36 என்று அது காட்டும், உண்மையில் ஒரு அங்குலம் கூட இருக்கும், பிளவுஸ் பிடித்துவிடும். வாடிக்கையாளர் என் தையலைத்தான் குறை சொல்வார். வைட்டமின் சி உண்மையிலேயே வேலை செய்யாமல் இருக்கலாம். அதைவிட அதிக அளவு கொடுத்துப் பார்த்த அமெரிக்கச் சோதனையிலும் பலனில்லை. நான் அதற்காக வாதாட வரவில்லை. ஆனால் அடுத்த மருந்து வரும்போது டேப்பின் மேல் சந்தேகம் இருக்கக் கூடாது.

பிள்ளைகள் விஷயத்தில் நரம்பு வேகத்தை வைத்து முடிவு சொன்னதில் இன்னொரு சிக்கலும் உண்டு. எங்கள் வகையில் அந்த வேகம் சின்ன வயதிலேயே குறைந்துவிடும். மணிக்கட்டுக்குப் போகும் நரம்பில் சாதாரணமாக நொடிக்கு 50 மீட்டருக்கு மேல் இருக்க வேண்டியது, எங்களுக்கு 20 சொச்சம்தான். அதன் பிறகு வருடங்கள் போனாலும் பெரிதாக மாறுவதில்லை. வேகம் அப்படியே இருக்க, பிடி தளர்ந்துகொண்டே போகும். என் மகள் பாட்டிலைத் திறக்க முடியாமல் தோழியிடம் நீட்டுகிறாள் என்பதை அந்த வேகம் சொல்லாது. அதனால்தான் பிள்ளை என்ன செய்கிறது, எவ்வளவு செய்கிறது என்று நேராகப் பார்க்கும் அளவுகோல் வேண்டியிருந்தது. குச்சி செருகு, தாண்டு, நட. எனக்கு இந்த எளிமையின் மேல் பெரிய மரியாதை உண்டு.

சரி, தாண்டலுக்கு வருகிறேன். என் வீட்டுக்காரருக்குச் சொன்ன விளக்கம் இது.

சின்ன வயதில் எனக்குப் பட்டுப்பாவாடை தைக்கும்போது அம்மா இடுப்புக்குக் கீழே மூன்று டக்ஸ் பிடிக்கச் சொல்வார்கள். வருடத்துக்கு ஒன்றாகப் பிரித்து விடுவார்கள். வளரும் பிள்ளைக்கு அப்படித்தான். இப்போது ஒரு பிள்ளையின் பாவாடை போன வருடத்தைவிட ஒரு அங்குலம் நீளமாக இருக்கிறது என்றால் அது சரியான நீளமா என்று கேட்டால், பிள்ளை எவ்வளவு வளர்ந்தாள் என்று தெரியாமல் சொல்ல முடியாது. இரண்டு அங்குலம் வளர்ந்திருந்தால் பாவாடை ஏறித்தான் போயிருக்கும்.

பெரியவர்களை அளப்பதும் பிள்ளைகளை அளப்பதும் இங்கேதான் பிரிகின்றன. எட்டு வயதுப் பிள்ளை ஒன்பது ஆகும்போது எலும்பு நீள்கிறது, சதை வைக்கிறது, ஓட்டம் கூடுகிறது. நோய் ஒரு பக்கம் இழுக்க, வளர்ச்சி மறுபக்கம் தள்ளுகிறது. சென்டிமீட்டரை மட்டும் பார்த்தால் தேறிவிட்டாள் என்றே தோன்றும். மருந்துச் சோதனையில் இப்படிப் பார்த்தால், சும்மா வளர்ந்ததையெல்லாம் மருந்தின் வரவில் எழுதிவிடுவோம். அதனால் இந்த அளவுகோலில் பலம், தாண்டல், நடை போன்றவற்றையெல்லாம் அதே வயதுள்ள, நோயில்லாத பிள்ளைகளின் அளவோடு ஒப்பிட்டுத்தான் மதிப்பெண் போடுகிறார்கள். என் மகள் ஐந்து சென்டிமீட்டர் முன்னேறினாள். அவள் வயதுப் பெண்பிள்ளைகள் அதைவிட அதிகம் முன்னேறியிருந்தார்கள். இடைவெளி கூடியது. 2 என்பது 3 ஆனது. அந்த எண் பொய் சொல்லவில்லை, என் மகளின் தாண்டலும் பொய் இல்லை.

இப்படி ஒப்பிட வேண்டுமென்றால் நோயில்லாதவர்களையும் யாராவது உட்கார்ந்து அளந்திருக்க வேண்டுமே. சிட்னி பல்கலைக்கழகத்தில் அதையே ஒரு பெரிய வேலையாக எடுத்துச் செய்தார்கள். மூன்று வயது முதல் 101 வயது வரை, 1000 ஆரோக்கியமான மனிதர்கள். அவர்களுடைய பிடி, பலம், விரல் வேகம், சமநிலை, நடை எல்லாம். ஒரு நோயும் இல்லாத ஒருவர் தன் நேரத்தைச் செலவழித்து இன்னொரு வீட்டுப் பிள்ளைக்காகக் குச்சி செருகிவிட்டுப் போயிருக்கிறார் என்பதை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது. ஆனால் ஒரு கேள்வி எனக்கு இருந்துகொண்டே இருக்கிறது. இங்கே வளரும் பிள்ளையின் உயரமும் எடையும், பொன்னமராவதியில் என் அண்ணன் பிள்ளையின் உயரமும் எடையும் ஒன்றில்லை. நாளைக்கு இதே அளவுகோலை நம் ஊரில் வைத்து ஒரு சோதனை நடந்தால், நம் ஊர்ப் பிள்ளைகளையும் ஆயிரக்கணக்கில் அளந்து வைத்திருக்க வேண்டும். அந்த வேலையை மருந்து வருவதற்கு முன்பே செய்து முடித்திருக்க வேண்டும்.

பதினொரு விதமான சோதனைகளைக் கூட்டி ஒரே எண் ஆக்குவது சரியா என்று கணக்குப் படித்தவளுக்குச் சந்தேகம் வரத்தானே செய்யும். டேப்பின் ஒரு பக்கம் அங்குலம், மறுபக்கம் சென்டிமீட்டர். இரண்டையும் கலந்து கூட்டினால் கிடைப்பது குப்பை. இதற்கு ராஷ் பகுப்பாய்வு என்று ஒரு முறை இருக்கிறது. டென்மார்க் கணிதவியலாளர் கேயோர்க் ராஷ் பெயரில் வந்தது. எல்லாக் கேள்விகளும் சேர்ந்து ஒரே ஒரு விஷயத்தைத்தான் அளக்கின்றனவா, சுலபமானதிலிருந்து கடினமானதுவரை சீராகப் படி இறங்குகின்றனவா என்று அது சோதிக்கும். இந்தப் பதினொன்றையும் அப்படிச் சலித்துத்தான் சேர்த்திருக்கிறார்கள். அதோடு சிட்னியில் அளப்பவரும் லண்டனில் அளப்பவரும் ஒரே மாதிரி அளக்க வேண்டும் என்று பயிற்சி கொடுக்கிறார்கள். கருவியைப் பாதத்தில் எந்த இடத்தில் வைப்பது, எத்தனை தடவை, என்ன வார்த்தை சொல்லி உற்சாகப்படுத்துவது வரை.

இருந்தாலும் பிள்ளை பிள்ளைதான். போன வருடம் சோதனைக்கு முந்தின இரவு அவள் சரியாகத் தூங்கவில்லை. இந்த வருடம் நடைக்கு முன்னால் பசி என்றாள். பையிலிருந்த பிஸ்கட் இரண்டைக் கொடுத்தேன். பிசியோதெரபிஸ்ட் என்னிடம் தெளிவாகச் சொன்னார், ஒரு பிள்ளையின் ஒரு வருட வித்தியாசத்தை வைத்து எதையும் முடிவு கட்டாதீர்கள் என்று. அதற்கு ஆதாரமும் இருக்கிறது. 206 பிள்ளைகளை இரண்டு வருடம் தொடர்ந்து பார்த்து 2017-இல் எழுதினார்கள். சராசரியாக 2.4 புள்ளி கூடியிருந்தது. ஆனால் பிள்ளைக்குப் பிள்ளை இருக்கும் சிதறல், திட்டவிலக்கம் என்று படித்தோமே அது, 4.9. எங்கள் வகையில் மட்டும் பார்த்தால் சராசரி 1.8, சிதறல் 4.2. சராசரியைவிடச் சிதறல் இரண்டு மடங்குக்கு மேல்.

இதை வைத்து ஒரு ராத்திரி நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். நோயை அப்படியே நிறுத்திவிடும் மருந்து ஒன்று நாளைக்கே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அது நிறுத்துகிறது என்று வழக்கமான புள்ளியியல் விதிப்படி நிரூபிக்க, மருந்து எடுக்கும் பக்கம் சுமார் 85 பிள்ளைகள், வெற்று மாத்திரைப் பக்கம் 85 பிள்ளைகள், இரண்டு வருடம். மருந்து நோயைப் பாதி வேகத்துக்குக் குறைக்கிறது என்றால் அது நான்கு மடங்காகிவிடும், பக்கத்துக்கு 340. எல்லோரும் எங்கள் வகைப் பிள்ளைகளாகவே இருக்க வேண்டும், ஊர் ஊராகத் தேட வேண்டும். வெற்று மாத்திரைப் பக்கம் விழும் அம்மா இரண்டு வருடம் அதைத் தெரியாமலே கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். பேனாவை வைத்துவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அளவுகோல் இன்னும் கொஞ்சம் கூர்மையானால் எத்தனை பிள்ளைகளை, எத்தனை வருடங்களை மிச்சம் பிடிக்கலாம்! ஆராய்ச்சிப் பணம் மருந்துக்குப் போனால்தான் பிரயோஜனம் என்று பேசுபவர்களிடம் நான் சண்டைக்கே போவேன்.

நல்ல அளவு இருந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஒரு நல்ல உதாரணமும் இங்கேயே இருக்கிறது. பலவீனமான நரம்பு, பயிற்சி கொடுத்தால் தசை இன்னும் கெட்டுவிடுமோ என்ற பயம் பெற்றோருக்கும் டாக்டர்களுக்கும் ரொம்ப நாள் இருந்தது. ஆறு வயது முதல் பதினேழு வயது வரை 60 பிள்ளைகளைப் பிரித்து, ஒரு பக்கத்துக்குப் பாதத்தில் எடைப்பட்டை கட்டிப் படிப்படியாக எடையை ஏற்றினார்கள். மறுபக்கத்துக்குப் பெயருக்குக் கொஞ்சம் எடை. வாரம் மூன்று நாள், ஆறு மாதம். பாதத்தைத் தூக்கும் பலத்தை மட்டும் கவனமாக அளந்துகொண்டே வந்தார்கள். இரண்டு வருட முடிவில், எடை ஏற்றிய பிள்ளைகளின் பலம் மற்றவர்களைவிட நன்றாகத் தக்கவைக்கப்பட்டிருந்தது, கெடுதல் எதுவும் இல்லை. 2017-இல் அதுவும் வெளிவந்தது. எங்கள் வீட்டில் திங்கள், புதன், வெள்ளி சாயங்காலம் டிவிக்கு முன்னால் காலில் பட்டை கட்டிக்கொண்டு மகள் உட்கார்ந்திருப்பது அதனால்தான். எவ்வளவு எடை, எத்தனை தடவை என்பதை பிசியோதெரபிஸ்ட்தான் சொல்வார். இதைப் படித்துவிட்டு யாரும் தானாகத் தொடங்க வேண்டாம்.

அந்தத் தாளில் வராதவையும் இருக்கின்றன. ஆறு நிமிடம் நன்றாக நடந்துவிட்டு, அன்று சாயங்காலம் சோபாவில் சுருண்டு தூங்கிவிட்டாள். அந்தக் களைப்புக்குக் கட்டமில்லை. ராத்திரியில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு அழுவதற்குக் கட்டமில்லை. கணுக்கால் பட்டையோடு நுழையும் ஷூ அழகாக இல்லை என்று கடையில் முகம் வாடியதற்கும் இல்லை. பிள்ளைகளிடமே கேட்டு எழுதும் வாழ்க்கைத்தரக் கேள்வித்தாள் ஒன்று சி.எம்.டி.க்கென்றே தனியாக வந்திருக்கிறது, பெற்றோருக்கும் ஒரு படிவம் உண்டு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். கால் சொல்வதை ஒரு தாளும், பிள்ளை சொல்வதை ஒரு தாளும் சொல்லட்டும்.

மகளுக்குச் சொன்னதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். காரில் வரும்போதே, "எனக்கு எத்தனை மார்க்?" என்றாள். மறைக்க எனக்கு மனமில்லை. இரண்டு கோடு இருக்கிறது கண்ணு, என்றேன். ஒன்று உன் கோடு, போன வருடம் எங்கே நின்றாய், இந்த வருடம் எங்கே நிற்கிறாய் என்று. அது ஏறியிருக்கிறது. இன்னொன்று உன் வயதுப் பிள்ளைகள் எல்லோருடைய கோடு. அது உன்னுடையதைவிட வேகமாக ஏறியிருக்கிறது. டாக்டர்களுக்கு மருந்து கண்டுபிடிக்க இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்கும் தூரம்தான் வேண்டும்.

கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தத் தூரம் டாக்டருக்கு. என் கோடு எனக்கா?" என்றாள். ஆமாம் என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் என் அளவு நோட்டை எடுத்து வரச் சொன்னாள். வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு பக்கம் உண்டு. அவளுக்கும் ஒன்று, நாலு வயதிலிருந்து. பொங்கலுக்கு எடுத்த அளவுகளுக்குக் கீழே, இடுப்பு 23, பாவாடை நீளம் 31 என்று நான் எழுதியதற்குக் கீழே, பென்சிலை அந்தப் பக்கவாட்டுப் பிடியில் பிடித்துக்கொண்டு, 'தாண்டல் 71, 76' என்று அவளே எழுதினாள். மூன்றாவது எண்ணுக்கு இடம் விட்டு ஒரு காற்புள்ளியும் போட்டு வைத்திருக்கிறாள்.